இதுதான் உச்சி என்று நம்பி ஏறினால்

ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலை என்னை ஒரே நாளில் எத்தனை தடவை ஏமாற்றியது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். 1083 மீட்டர்தானே, அதுவும் மே மாதம்தானே என்று கிளம்பினேன். கீழே நல்ல வெயில், ஆட்டுக்குட்டிகள் துள்ளுகின்றன, ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்தாயிற்று. அப்புறம் ஆரம்பித்தது. அதோ உச்சி என்று மூச்சு வாங்க ஏறிப் போய் நின்றால் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு, சரி இதுதான் கடைசி என்று அதையும் ஏறினால் பல்லிளித்துக்கொண்டு அடுத்தது. 1774இல் மாஸ்கலின் என்ற வானியலாளர் இந்த மலையை வைத்துத்தான் பூமியின் அடர்த்தியையே கணக்கிட வழி செய்தாராம், வடிவம் அவ்வளவு சீராக இருக்கிறது என்று! தூரத்திலிருந்து பார்த்திருப்பார் போல. மேலே பூராவும் பாறைக் குவியல், பாதை என்று ஒன்றும் தெரியாது, ஒவ்வொரு கல்லும் காலை வாருகிறது. இதற்கிடையே ஆலங்கட்டி வேறு, ஸ்வெட்டரைத் தேடிப் பையைத் திறப்பதற்குள் அதுவும் நின்றுவிட்டது. ஒருவழியாக உண்மையான உச்சியைத் தொட்டேன். கீழே லாக் ரானக் ஏரி அற்புதமாகத் தெரியுமாம். எனக்குத் தெரிந்தது மேகம் மட்டும்.