முகமது அலி ஐந்து வருடம் சிறையில் இருந்தாரா?

வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முகமது அலி ஐந்து ஆண்டுகள் சிறையில் அடைக்கப்பட்டார் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதி உண்மை, பாதி கற்பனை.

1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர அவர் மறுத்தது உண்மை. ஜூன் மாதம் ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் மேல்முறையீடு செய்து பிணையில் வெளியே இருந்தார். அந்தத் தண்டனையில் ஒரு நாள்கூட அவர் சிறையில் கழிக்கவில்லை. 1971 ஜூன் 28-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்பை ரத்து செய்தது. மனசாட்சியின் பேரில் ராணுவ சேவையிலிருந்து விலக்கு கேட்ட அவரது மனுவை, கட்டாய ராணுவச் சேர்ப்புக்கான மேல்முறையீட்டு வாரியம் காரணமே சொல்லாமல் நிராகரித்திருந்தது. வழக்கு அதில்தான் உடைந்தது.

1968 டிசம்பரில் மயாமியில் சில நாள் சிறையில் இருந்தாரே என்று கேட்கலாம். சரி, ஆனால் அது செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் கார் ஓட்டியதற்கு!

அவர் உண்மையில் இழந்தது வேறு. உலகப் பட்டம் போனது, குத்துச்சண்டை உரிமம் போனது, வெளிநாடு போய் ஆடவும் வழியில்லை, பாஸ்போர்ட்டையும் வாங்கிவிட்டார்கள். 25 வயதிலிருந்து 28 வரை, ஒரு வீரனின் உச்ச காலம், வளையத்துக்கு வெளியே கழிந்தது. கல்லூரி கல்லூரியாகப் போய்ப் போருக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். 1970 அக்டோபரில் அட்லாண்டாவில் ஜெர்ரி குவாரியுடன்தான் மறுபடி மோதினார், மூன்றாவது சுற்றோடு வென்றார்.