சபை வாய் திறந்து பாட வேண்டும்

ஆர்கனா, கிட்டாரா? பழைய பாமாலையா, புதிய துதிப்பாடலா? ஆராதனைக் குழு கூடினாலே இந்த வழக்குதான். இரண்டு பக்கமும் வசனத்தோடு வருகிறார்கள். ஒருவர் வேதாகமத்தின் 150ஆம் சங்கீதத்தைத் திறந்துவைத்து, தம்புருவும் கைத்தாளமும் வேதத்திலேயே இருக்கும்போது டிரம்ஸ் மட்டும் என்ன பாவம் செய்தது என்கிறார். இன்னொருவர், பயபக்தியே போய்விட்டது என்று வருந்துகிறார். இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பாட்டு தொடங்கியதும் சபை பாடுகிறதா, பார்த்துக்கொண்டு நிற்கிறதா என்று இருவருமே கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

ஆர்கன் மட்டுமே ஆலயத்துக்கு உரியது என்று சொல்பவர்கள் அதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவில் க்டெசிபியஸ் என்ற பொறியாளர் நீரின் அழுத்தத்தால் இயங்கும் ஆர்கனை உருவாக்கினார். ரோமர்களின் அரங்குகளில், மனிதர்கள் வாளோடு மோதிய இடத்தில் அது ஒலித்தது. திருச்சபைக்குள் அது நுழையப் பல நூற்றாண்டுகள் ஆயின. நுழைந்த பிறகும் நிலைத்துவிடவில்லை: 1527இல் சூரிச் நகரின் பெரிய ஆலயத்தில் ஆர்கனை உடைத்தே அகற்றினார்கள். அந்நகரின் திருச்சபைச் சீர்திருத்தத்துக்குத் தலைமை தாங்கிய சுவிங்கிலியோ பல வாத்தியங்களை வாசிக்கத் தெரிந்த தேர்ந்த இசைஞர். 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஆலயத்தில் பியானோ கூடாது என்று விதித்தார். இன்றைக்கு பியானோவைவிட அடக்கமான வாத்தியம் எது என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. கிழக்கத்திய மரபுவழிச் சபைகளில் பெரும்பாலானவை இப்போதும் எந்த வாத்தியமும் இல்லாமல்தான் பாடுகின்றன. அவர்களுடைய ஆராதனையில் குறை சொல்ல யாருக்குத் துணிவு உண்டு?

புதிய பாணிக்காக வாதாடுகிறவர்களும் வரலாற்றை இஷ்டத்துக்கு வளைக்கிறார்கள். ஜெர்மனியின் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் மதுக்கடைப் பாட்டுகளின் மெட்டை எடுத்து ஞானப்பாட்டு ஆக்கினார் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அதற்குச் சான்று கிடையாது. உலகப் பாட்டு ஒன்றின் மெட்டில் அவர் ஒரு கிறிஸ்துமஸ் பாடல் எழுதினார். 1539இல் அதே பாடலுக்கு வேறு மெட்டு வந்தது. உண்மை இவ்வளவுதான். அவர் செய்த பெரிய காரியம் வேறு. குருக்களும் பாடகர் குழுவும் இலத்தீனில் பாட, பெரும்பாலும் கேட்டுக்கொண்டு நின்ற மக்களின் கையில், அவர்கள் மொழியிலேயே பாட்டைக் கொடுத்தார். 1524இல் முதல் பாட்டுப் புத்தகங்கள் அச்சாயின. ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வினுக்கு ஆலயத்தில் வாத்தியமே ஆகாது. ஆனாலும் 1562இல் ஜெனீவாவில் 150 சங்கீதங்களும் மெட்டோடு முழுமையாக வெளிவந்தபோது, ஆலயத்தில் எல்லோரும் ஒரே குரலில் பாட வேண்டும் என்பதே ஒழுங்கு. வாத்தியத்தில் எதிரெதிராக நின்ற இருவரும் சபையின் வாயை மறக்கவில்லை.

நான் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். என் இருக்கையிலிருந்து முகங்கள் தெளிவாகத் தெரியும். ஒரு பாட்டின் ஒலிப்பதிவில் அதன் பாடகர் எந்தச் சுருதியில் பாடினாரோ, அதே சுருதியில் பாட்டைத் தொடங்குவார்கள். சரணம் வரை எல்லோரும் வருவார்கள். பல்லவியில் மெட்டு மேலே ஏறும். ஆண்கள் ஒரு ஸ்தாயி (ச முதல் அடுத்த ச வரையுள்ள தூரம்) இறங்கி முணுமுணுப்பார்கள். பெண்கள் பாதி வரியில் விட்டுவிடுவார்கள். வயதானவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுத் திரையைப் பார்ப்பார்கள். மேடையில் இருப்பவர் கண்களை மூடியிருப்பதால் இது எதுவும் அவருக்குத் தெரியாது. பயிற்சி இல்லாத குரல் ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேல்தான் சிரமமின்றி எட்டும். சுருதியை இரண்டு கட்டை குறைத்தால் இதே சபை இதே பாட்டை முழுத் தொண்டையோடு பாடும். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதான் அது. அழுத்தலாமா என்று கேட்டால், பாட்டின் எழுச்சி போய்விடும் என்கிறார்கள். நூறு பேர் வாயை மூடிக்கொண்ட பிறகு அது யாருடைய எழுச்சி?

ஒலியளவும் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழாதபோது மனிதர் தன் குரலையும் அடக்கிக்கொள்கிறார். இதைச் செய்வது டிரம்ஸாகவும் இருக்கலாம், முழு வேகத்தில் முழங்கும் ஆர்கனாகவும் இருக்கலாம். பாணியின் மேல் பழி போட வேண்டாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761இல் சபையார் எப்படிப் பாட வேண்டும் என்று குறிப்புகள் எழுதினார். எல்லோரும் பாடுங்கள், உரக்கப் பாடுங்கள் என்றார்; பிறர் குரலை அமுக்கும்படி கத்தாதீர்கள் என்றும் சேர்த்தே சொன்னார். அந்த இரண்டாவது பகுதி ஒலிபெருக்கிக்குப் பின்னால் நிற்கிற எங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது.

இன்னொன்று என்னை அதிகம் வருத்துகிறது. பாணி எதுவானாலும் எல்லாப் பாட்டும் சந்தோஷப் பாட்டாகவே இருக்கிறது. சங்கீதப் புத்தகத்தில் புலம்பல் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் ஒட்டப்படவில்லை. கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்து முதல் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, கைதட்டச் சொல்லும் ஐந்து பாட்டுகளில் எதைக் கொடுக்கிறோம்? அவர் பாடக்கூடிய ஒரு பாட்டாவது வேண்டும். நிதானமாக, மூச்சு வாங்க இடம் விட்டு, அழுதுகொண்டே பாடினாலும் தாளம் தவறாத மெட்டில்.

இனிய இசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தன்னை அதிகம் அசைத்துவிட்டால் அதைப் பாவமாகவே கருதினார் ஆதித் திருச்சபையின் ஆயர் அகஸ்டின். அப்படியிருந்தும், விசுவாசத்துக்குத் திரும்பிய நாட்களில் சபையின் பாட்டு தன்னை அழவைத்ததை நினைத்து, ஆலயத்தில் பாடும் வழக்கத்தை அவர் ஆதரித்தார். அந்தத் தயக்கமும் அந்தக் கண்ணீரும் சேர்ந்து இருக்கிற இடத்திலிருந்துதான் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சண்டையைத் தீர்க்கப் பல சபைகள் ஆராதனையையே இரண்டாகப் பிரித்துவிட்டன: காலையில் பெரியவர்களுக்குப் பாமாலை, பிறகு இளைஞர்களுக்கு இசைக்குழு. இடநெருக்கடிக்காகப் பிரித்தால் புரிந்துகொள்வேன். ரசனைக்காகப் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டியின் பாட்டைப் பேரன் கேட்கவே மாட்டான். அவன் பாட்டுக்குப் பாட்டி ஒருநாளும் ஆமென் சொல்ல மாட்டார். சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதிக்கச் சொல்கிறது வேதாகமத்தின் கொலோசெயர் நிருபம். அந்த ‘ஒருவருக்கொருவர்’ நடக்க இருவரும் ஒரே அறையில் இருக்க வேண்டாமா?

பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இசை தெரிந்தவர்கள் மட்டும் உட்காரக் கூடாது. சுருதி, தாளம் எதுவும் அறியாத ஒரு பெரியவரும், எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு சிறுவனும் அங்கே இருக்கட்டும். புதுப் பாட்டை முதலில் அவர்களோடு வாத்தியம் இல்லாமல் பாடிப் பாருங்கள். மூன்றாம் முறையிலும் அவர்களுக்கு வரவில்லை என்றால், அதைப் பாடகர் குழு தனியாகப் பாடட்டும். சபையின் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டாம்.