லிப்சேன் இருக்கிறது, ஆனால் லிப்சேன் இல்லையாம்!

ஒரே ஒரு பக்கம். ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். எழுந்தபோது மணி இரண்டே கால். இடையில் போன நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்?

புது ஸ்கேனர். பெட்டியின் மேலேயே ‘லினக்ஸில் இயங்கும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். என் கணினியின் ஆபரேட்டிங் சிஸ்டம் லினக்ஸ் என்பதால் அதை நம்பித்தான் வாங்கினேன். ஸ்கேனரை இயக்கும் மென்பொருளான டிரைவர், டெப் கோப்பாக, அதாவது நிறுவத் தயாரான பொட்டலமாக (பேக்கேஜ்), தயாரிப்பாளரின் தளத்திலேயே இருந்தது. இறக்கினேன், மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்டுக்கு ‘இன்ஸ்டால்’ கட்டளை கொடுத்தேன். டிரைவருக்கு லிப்சேன் என்ற இன்னொரு பேக்கேஜ் தேவையாம், ஆனால் அதை நிறுவ இயலாதாம். அதற்குக் கீழே அந்த வரி வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், பார்த்துப் பல்லைக் கடித்திருப்பீர்கள். ‘சிக்கல்களைச் சரிசெய்ய இயலவில்லை, உடைந்த பேக்கேஜ்களை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.’

நானா? நான் எதைப் பிடித்து வைத்தேன்?

ஹோல்ட் என்பது ஒரு பேக்கேஜ் மேம்படாதபடி நாமே தடுத்து வைப்பது. தடுத்து வைத்தவற்றைக் காட்ட ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஓட்டினேன். ஒரு வரிகூட வரவில்லை. தட்டச்சில் பிழையோ என்று மறுபடி ஓட்டினேன். ஒன்றுமே இல்லை. நான் எதையும் பிடித்து வைக்கவில்லை என்று அந்த அமைப்பே சாட்சி சொல்கிறது. அதே அமைப்பு அரை நிமிடத்துக்கு முன்னால் என் மேல் குற்றம் சாட்டியது. எத்தனை பேர் இந்த வரியைப் படித்துவிட்டு, தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து கணினியையே புதிதாக நிறுவியிருப்பார்கள்! தேவையான பெயரில் பேக்கேஜ் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம். அதைச் சொல்ல வேண்டியதுதானே? பயனரை எதற்கு இழுக்கிறீர்கள்?

சரி, லிப்சேனைத் தனியாக நிறுவிப் பார்ப்போம் என்று போனேன். அதற்கு வந்த பதில்: இந்தப் பேக்கேஜ் கிடைக்கவில்லை, ஆனால் வேறொரு பேக்கேஜ் இதைக் குறிப்பிடுகிறது. இது காணாமல் போயிருக்கலாம், அல்லது வழக்கொழிந்திருக்கலாம், அல்லது வேறு மூலத்தில் மட்டும் இருக்கலாம். மூன்று ‘லாம்’! எந்த ‘லாம்’ என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வைத்தியம். ஒன்றுக்குப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும், ஒன்றுக்கு மாற்றுப் பெயரைத் தேட வேண்டும், ஒன்றுக்குப் புது களஞ்சியம், அதாவது பேக்கேஜ்கள் கிடைக்கும் இன்னொரு தளம், சேர்க்க வேண்டும். நடு ராத்திரியில் மூன்றையும் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் பொறுமை போய் ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி என்ற கருவியைக் கொண்டு நேரடியாக நிறுவினேன். டிபிகேஜிக்கு இணையத்தில் போய்த் தேடி எடுத்துவரத் தெரியாது. கொடுத்த கோப்பைப் பிரிக்கும், சார்பு, அதாவது அதற்குத் தேவையான வேறு பேக்கேஜ், இல்லையென்றால் குறை சொல்லிவிட்டு நிற்கும். ஆனால் நின்ற இடம் இருக்கிறதே, அது பாதி வழி. பிரித்தாயிற்று, அமைக்கவில்லை. அந்த நிலையில் ஒரு பேக்கேஜ் தொங்கிக்கொண்டிருக்கும்வரை ஆப்ட் வேறு எதையும் நிறுவ விடாது. ஒரு சாதாரண எடிட்டரை நிறுவப் போனால்கூட, முதலில் ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’ ஓட்டு என்கிறது.

ஓட்டினேன். ஃபிக்ஸ் என்றால் சரிசெய்தல் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அது கண்டுபிடித்த தீர்வு, ஸ்கேனர் டிரைவரையே நீக்கிவிடுவது! நீக்கவா என்று கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தது. எதற்காக இரண்டு மணி நேரம் போராடினேனோ அதைத் தூக்கி எறிவதற்குச் ‘சரிசெய்தல்’ என்று பெயர் வைத்தவர் எந்த மனநிலையில் வைத்தார்? கால் வலிக்கிறது என்று போனால் காலை எடுத்துவிட்டு, வலி போயிற்றா என்று கேட்பது போல. வேறு வழியில்லை. நீக்கச் சொன்னேன். மறுபடி முதல் படி.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

லிப்சேன் என்பது மற்ற செயலிகள் ஸ்கேனர்களோடு பேசப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, நூலகம் என்பார்கள். சேன் என்பது சுருக்கப் பெயர், விரித்தால் ‘ஸ்கேனர் அக்சஸ் நவ் ஈஸி’. பெயரிலேயே எளிது என்று இருக்கிறது. என் கணினியில் அந்த நூலகக் கோப்பு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது! லிப்சேன் டாட் எஸ்ஓ டாட் 1, கணினி வாங்கிய நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்று டிபிகேஜியைக் கேட்டேன். லிப்சேன்1 என்றது.

லிப்சேன்1. கடைசியில் ஓர் ஒன்று.

நூலகம் அதேதான், கோப்பின் பெயர் அதேதான். பேக்கேஜின் பெயர் மட்டும் எப்போதோ லிப்சேனிலிருந்து லிப்சேன்1 ஆகியிருக்கிறது. நூலகக் கோப்பின் பெயரில் எஸ்ஓவுக்குப் பின்னால் வரும் எண்ணும் பேக்கேஜின் பெயரும் பொருந்தியிருக்க வேண்டும் என்பது டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நெறிமுறை. அதில் எனக்குச் சண்டை இல்லை. அப்படிப் பெயர் வைத்தால்தான் நாளைக்கு 2 என்ற பதிப்பு வரும்போது இரண்டும் ஒரே கணினியில் சேர்ந்து இருக்க முடியும். ஆனால் பெயர் மாறிய பிறகும் டிரைவர் தயாரித்தவர்கள் தங்கள் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர்களுடைய டெப் கோப்புக்குள் இருக்கும் கன்ட்ரோல் என்ற சின்ன உரைக் கோப்பில், டிபென்ட்ஸ் என்ற வரியில், பழைய பெயர் அப்படியே கிடக்கிறது. ஆப்ட் அந்த வரியைப் படிக்கிறது, அந்தப் பெயரைத் தேடுகிறது, இல்லை என்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளை, இனிஷியல் மாறிவிட்டது என்பதற்காக ஊர் முழுக்கத் தேடுகிறார்கள்!

சார்புகளைத் தீர்ப்பது கணக்கு ரீதியாகவே கடினமான சிக்கல் என்று யாராவது பாடம் எடுக்க வருவார்கள். தெரியும் ஐயா. எந்தப் பதிப்பு எதோடு சேரும் என்று பார்ப்பது பொது நிலையில் என்பி-கம்ப்ளீட், அதாவது வேகமாகத் தீர்க்கப் பொதுவழி எதுவும் தெரியாத வகை, என்று நிரூபித்தே இருக்கிறார்கள். இங்கே அப்படி எந்தப் புதிரும் இல்லை. பெயரில் ஓர் இலக்கம் குறைகிறது. அந்த வரியில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, ‘இது அல்லது அது’ என்று இரண்டு பெயரையும் எழுதலாம். டெப் முறையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஒரு கோடு, ஒரு ‘1’. தயாரிப்பாளருக்கு ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாததால் இந்த ஸ்கேனரை வாங்கிய ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓர் இரவைத் தொலைக்கிறோம். பெட்டியில் லினக்ஸ் என்று அச்சடிக்க மட்டும் ஆள் இருந்தது.

இதற்குள் இணையத்தில் கிடைத்த யோசனைகள் வேறு. பழைய வெளியீட்டின் களஞ்சியத்தைச் சேர்த்து அதிலிருந்து பழைய லிப்சேனை நிறுவு என்றார் ஒருவர். செய்து பார்த்தேன். பழையதைப் போட வேண்டுமானால் லிப்சேன்1ஐ நீக்க வேண்டும், அதைச் சார்ந்திருக்கும் ஸ்கேன் செயலியையும் பிரிண்டர் கருவிகளையும் நீக்க வேண்டும் என்று ஆப்ட் பட்டியல் போட்டது. நல்லவேளை, பட்டியலைப் படித்தேன். படிக்காமல் ‘ஒய்’ தட்டிவிட்டு டெஸ்க்டாப்பையே இழந்தவர்கள் எத்தனையோ பேர். இன்னொருவர் சார்பைக் கண்டுகொள்ளாமல் வலுக்கட்டாயமாக நிறுவு என்றார். அப்படி நிறுவினால் அடுத்த முறை ஆப்ட் ஓட்டும்போது அதே ஃபிக்ஸ்-புரோக்கன் வந்து கதவைத் தட்டும் என்பதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. மூன்றாமவர் வேறு டிஸ்ட்ரோவுக்கு, அதாவது வேறு லினக்ஸ் வகைக்கு, மாறு என்றார். ஒரு பக்கம் ஸ்கேன் செய்ய ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்ற வேண்டுமாம். இப்படிப் பதில் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. எதிரில் இருப்பவர் எந்த அவசரத்தில் கேட்கிறார் என்று ஒரு நொடி யோசித்தால் இதை எழுத முடியுமா?

கடைசியில் நானேதான் செய்தேன். டிபிகேஜி-டெப் கருவியை வைத்து டெப் கோப்பை ஒரு கோப்புறைக்குள் பிரித்தேன். கன்ட்ரோல் கோப்பைத் திறந்தேன். லிப்சேன் என்று இருந்த இடத்தில் கடைசியில் ‘1’ சேர்த்தேன். அதே கருவியை வைத்து மறுபடி கட்டினேன். ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்தேன். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் நிறுவிக்கொண்டது. ஓர் எழுத்து, நான்கு மணி நேரம்.

முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். சேனின் ‘ஸ்கேன்இமேஜ்’ கட்டளையைக் கொடுத்தால், ஸ்கேனர் எதுவும் கண்டறியப்படவில்லை என்றது. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். கணினியை அணைத்துப் போட்டேன். யூஎஸ்பி பட்டியலில் ஸ்கேனர் தெளிவாகத் தெரிகிறது, சேனுக்கு மட்டும் தெரியவில்லை. பேக்கேஜ் என்னென்ன கோப்புகளை எங்கெங்கே வைத்தது என்று டிபிகேஜியைப் பட்டியலிடச் சொன்ன பிறகுதான் புரிந்தது. டிரைவர் தன் கோப்பை லிப்64 என்ற கோப்புறைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறது. என் கணினியில் சேன் தேடுவதோ எக்ஸ்86-64 லினக்ஸ் என்று பெயர் நீண்ட கோப்புறையில். ஒன்று வைத்த இடத்தில் இன்னொன்று பார்ப்பதே இல்லை. பேக்கேஜை உருவாக்கியவர்கள் டெபியன் குடும்பத்து லினக்ஸ் ஒன்றில் ஒரே ஒரு முறை இதை நிறுவிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நிறுவிப் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே தளத்தில் ஏற்றிவிட்டார்கள். சேன் தேடும் இடத்திலிருந்து அந்தக் கோப்புக்கு வழிகாட்டும் சிம்லிங்க் ஒன்று போட்டேன். ஸ்கேனர் கண் விழித்தது.

ஆப்ட் மேல் எனக்குப் பழைய மரியாதை இருக்கிறது. 1999இல் டெபியன் 2.1உடன் அது வந்ததால்தான் சார்புகளைக் கையால் ஒவ்வொன்றாகத் தேடி இறக்கும் வேலை தீர்ந்தது. ஊதியமே வாங்காமல் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள் தன்னார்வலர்கள். காசு வாங்கிக்கொண்டு பொருளை விற்றவர்களால் ஒரே ஒரு பேக்கேஜைப் பராமரிக்க முடியவில்லை. குமுறாமல் என்ன செய்வது?

இரண்டு மணிக்கு அந்த ஒரு பக்கம் பிடிஎஃப் ஆக வந்தது. பார்த்ததும் சிரிப்பே வந்துவிட்டது, களைப்பில் வந்த சிரிப்பு. உடனே விண்ணப்பத் தளத்தைத் திறந்து ஏற்றினேன்.

கோப்பு 200 கேபிக்குள் இருக்க வேண்டுமாம்.

சுருக்கினேன். எழுத்து தெளிவாக இல்லை, மறுபடி ஏற்றுக என்றது. தெளிவாக வைத்தால் 200ஐத் தாண்டுகிறது, 200க்குள் வைத்தால் எழுத்து கரைகிறது. இந்த எண்ணை யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்? எந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கை மிச்சம் பிடிக்கிறார்கள்? மூன்றாவது முறை சுருக்கிக்கொண்டிருந்தபோது, செயல்பாடு இல்லாததால் வெளியேற்றப்பட்டீர்கள் என்று திரை சொன்னது. நிரப்பிய படிவம் மொத்தமும் போயிற்று. பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.