ஃபார்வர்ட் பாஸை நோட்டர் டேம் கண்டுபிடிக்கவில்லை

அந்த ரீலைப் பற்றித்தான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "1913-ல் நோட்டர் டேம்தான் ஃபார்வர்ட் பாஸைக் கண்டுபிடித்தது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை முன்னால் எறிந்து தன் அணிக்காரர் கையில் சேர்ப்பதுதான் ஃபார்வர்ட் பாஸ். நோட்டர் டேம் அந்த ஆட்டத்துக்குப் பெயர்போன ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம். தப்பு என்று எழுதியவர்களுக்கு "எல்லாத்துலயும் குறை சொல்லாதீங்க" என்று பதில் வருகிறது. இது குறை சொல்வது இல்லை. உழைத்தவன் ஒருத்தன், பெயர் வாங்கியவன் இன்னொருத்தன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

1906. மிசூரியின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். நோட்டர் டேமுக்கு ஏழு வருடம் முன்னால், சட்டப்படியான முதல் பாஸை எறிந்தவர்கள் இவர்கள்தான்.

1905-ல் மைதானத்தில் பையன்கள் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். அதிபர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. அடுத்த வருடம் விதிகள் மாறின. மூன்று டவுனில் (டவுன் என்றால் பந்தை முன்னேற்றும் ஒரு முயற்சி) 5 கெஜம் போனால் போதும் என்றிருந்தது 10 ஆனது, பந்தை முன்னால் எறியவும் அனுமதி கிடைத்தது. ஆனால் அனுமதி கொடுத்த கையாலேயே பயத்தையும் கொடுத்துவிட்டார்கள். பந்தை ஸ்னாப் செய்த, அதாவது ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் பின்னால் கொடுக்கிற, இடத்திலிருந்து பக்கவாட்டில் 5 கெஜம் தள்ளி வந்துதான் எறியலாம். அதைக் கண்காணிக்க மைதானத்தில் நீளவாக்கிலும் கோடு போட்டார்கள். யார் கையும் படாமல் பந்து தரையில் விழுந்தால், எறிந்த இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். இப்போது போல "சரி, அடுத்த டவுன்" கிடையாது. அதனால்தான் பெரும்பாலான கோச்சுகள் பாஸைத் தொடவே தயங்கினார்கள்.

செயின்ட் லூயிஸின் கோச் எடி கோச்செம்ஸ் தயங்கவில்லை. சீசனுக்கு முன்பே அணியை விஸ்கான்சினில் லேக் பியூலாவுக்குக் கூட்டிப்போய் பாஸையே பயிற்சியாக வைத்தார். அன்றைய பந்து இன்றையதைவிடப் பருமன், ரக்பி பந்து மாதிரி. நடுவில் பிடித்தால் கைக்கு அடங்காது, எறிந்தால் உருண்டு புரளும். முனைக்குப் பக்கத்தில் சுற்றளவு குறைகிற இடத்தில், தையல் கயிற்றில் விரலைப் பதித்து, மணிக்கட்டைத் திருப்பி எறியச் சொன்னார். பந்து நீள அச்சில் சுழன்று நேராகப் போகும். இன்றைக்கு ஸ்பைரல் என்கிறோமே, அதேதான்.

செப்டம்பர் 5, 1906. வாகேஷாவில் கரோல் கல்லூரியோடு ஆட்டம். செயின்ட் லூயிஸ் வீரர் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பாஸ் யார் கைக்கும் போகாமல் விழுந்தது, பந்து எதிரணிக்குப் போனது. வேறு கோச்சாக இருந்தால் அத்தோடு மூட்டை கட்டியிருப்பார். இவர்கள் திரும்ப எறிந்தார்கள். ஜாக் ஷ்னைடர் பிடித்தார், டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி. 22-0 என்று வெற்றி.

"ஒரு பாஸ்தானே, குருட்டு அதிர்ஷ்டம்" என்பவர்களுக்கு: தேங்க்ஸ்கிவிங் அன்று அயோவாவை 39-0 என்று நொறுக்கியபோது எறிந்தவை 10, சேர்ந்தவை 8. சீசன் முழுக்க 11 ஆட்டம், 11 வெற்றி. போட்டது 407 புள்ளி, விட்டது 11. இது அதிர்ஷ்டமா?

"வெஸ்லியன்தான் யேலுக்கு எதிராக முதலில் எறிந்தது" என்று ஒரு கோஷ்டி. அது அக்டோபர் 3. காலண்டரைப் பாருங்கள். "சட்டம் வருவதற்கு முன்னாலேயே எறிந்திருக்கிறார்களே" என்றால், எறிந்திருக்கலாம். நான் சொல்வது சட்டப்படி எறிந்ததை.

நோட்டர் டேமின் ஆட்டத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. 1913 நவம்பர் 1, வெஸ்ட் பாயிண்ட், ராணுவக் கல்லூரி அணியான ஆர்மியை 35-13 என்று வென்றார்கள். நோட்டர் டேமின் டோரேஸ் எறிந்த 17 பாஸில் 14 சேர்த்தார், 243 கெஜம். அபாரம். ஆனால் அதற்குள் 1912-லேயே பந்தை மெலிதாக்கி, 20 கெஜத்துக்கு மேல் எறியக் கூடாது என்ற தடையை எடுத்து, நான்காவது டவுனும் கொடுத்துவிட்டார்கள். வழியைச் சீர்செய்த பிறகு நடந்தவருக்கு மாலை, முள்ளில் நடந்தவருக்கு ஒன்றுமில்லை. நடுவில் 1907-ல் கோச் பாப் வார்னரின் கார்லைல் பழங்குடி மாணவர்கள் பென்சில்வேனியாவை 26-6 என்று தோற்கடித்தபோதும் பாஸ் பறந்தது. அவர்களையும் எவரும் சொல்வதில்லை.

ஏன் இப்படி? ஆர்மி ஆட்டத்தைக் கிழக்குக் கரைப் பத்திரிகைகள் கொண்டாடின. 1940-ல், அந்த ஆட்டத்தில் பாஸ் பிடித்து, பின்னாளில் நோட்டர் டேமின் கோச்சான ராக்னேயைப் பற்றி ஹாலிவுட் படமே எடுத்தது. செயின்ட் லூயிஸோ 1949 சீசனோடு அமெரிக்கன் ஃபுட்பாலையே விட்டுவிட்டது. வருடாவருடம் மைதானம் நிறைந்து பழைய கதை சொல்ல நோட்டர் டேமுக்கு ஆள் இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. ராபின்சன் டாக்டராகி, மிச்சிகனில் செயின்ட் லூயிஸ் என்றே பெயருள்ள ஒரு சிற்றூருக்கு மேயராகவும் இருந்தார். இதைக் கேட்டவர் உங்களில் எத்தனை பேர்? மனசு வலிக்கிறது.

கோபமாக கமென்ட் போட வருகிறவர்கள் முதலில் 1906-ன் பாஸ் விதியை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். பிறகு பேசலாம்.