குளிர்ந்த காற்றுக்குக் கொடுத்த காசு

போன வாரம் வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தான். "அண்ணாச்சி, உங்க வண்டியில கோல்டு ஏர் இன்டேக் மாட்டின போட்டோவப் பாத்தேன். நானும் பிக்கப் எடுத்திருக்கேன். போடலாமா?" கோல்டு ஏர் இன்டேக் என்பது, இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்று நிறையப் போகட்டும் என்று கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பதிலாக மாட்டுகிற குழாயும் ஃபில்டரும். அந்த போட்டோ போட்டது 2021-ல். நல்ல வெளிச்சம், பானட் திறந்திருக்கும், சிவப்பு ஃபில்டர் பளபளக்கும், லைக்குக்குக் குறைவே இல்லை. ஆனால் அதைக் கழற்றிய அன்று நான் போட்டோ எதுவும் போடவில்லை. கழற்றினதை எவன் போட்டோ போடுவான்? அந்தக் கடன் பாக்கி இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பெட்ரோல் கார் ஓட்டப்போகிறவன் போடட்டும், அவன் கணக்கு வேறு. நம்ம பக்கத்து மண்ணில் ஓடுகிற டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிற விசிறி) வைத்த டீசல் வண்டிக்கு இது தேவையே இல்லாத சோலி.

என்னிடம் இருப்பது 2.5 லிட்டர் இசுசு வி-கிராஸ், 134 குதிரைத்திறன். ஊரில் 'குட்டி லாரி' என்பார்கள். திசையன்விளையைத் தாண்டி, தேரி ஓரத்தில் இருக்கிற முருங்கைத் தோட்டத்துக்குப் போய்வரத்தான் வாங்கினேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தேரி என்பது சிவப்பு மணல் மேடு. மணல் துகளின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்த நிறம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்று எங்கள் தோட்டத்தில் அடித்தால் வாயைத் திறந்து பேச முடியாது. பேசினால் சாயங்காலம் வரை பல்லில் மண் நறநறக்கும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் நான் இன்ஜினின் வாயை அகலமாகத் திறந்து வைத்தேன்.

பெட்டியில் வந்தது இவ்வளவுதான்: மூன்று அங்குல அலுமினியக் குழாய் ஒன்று, கூம்பு மாதிரி எண்ணெய் போட்ட பருத்தி ஃபில்டர், இரண்டு சிலிகான் ஹோஸ், கொஞ்சம் கிளாம்ப், வெப்பம் தடுக்க ஓரத்தில் ரப்பர் வைத்த ஒரு தகடு. ஒரு மணி நேர வேலை என்று அட்டையில் போட்டிருந்தது. சனிக்கிழமை காலையில் ஆரம்பித்து, மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது பத்தாம் நம்பர் சாக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். (எல்லாருக்கும் தொலைவது அந்தப் பத்தாம் நம்பர்தான், அது என்ன ராசியோ.) பாட்டரி நெகட்டிவைக் கழற்றி, காற்றளவு சென்சாரின் பிளக்கைப் பிடுங்கினேன். சூட்டில் கிடந்து கிடந்து பிளாஸ்டிக் லாக் மொறுமொறுவென்று ஆகியிருந்தது, பாதி கையோடு வந்துவிட்டது. சென்சாரைப் பழைய குழாயிலிருந்து எடுத்துப் புதிய குழாயில் வைக்கும்போது அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும், அதை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தேன். கடைசியில் கம்பெனி ஏர் பாக்ஸை, அதாவது ஃபில்டர் இருக்கிற பெட்டியை, அசைத்து அசைத்து வெளியே எடுத்தேன்.

அதைக் கையில் வைத்திருந்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் மூக்கு பானட்டுக்குள் திறக்கவில்லை. மட்கார்டுக்குள் போய், இன்ஜின் சூடு படாத இடத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதாவது கோல்டு ஏர் இன்டேக்கைக் கம்பெனிக்காரன் ஏற்கெனவே வைத்துத்தான் கொடுத்திருக்கிறான். இன்றைக்கு வருகிற முக்கால்வாசி வண்டிகளில் அப்படித்தான். நான் அதைக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, இன்ஜின் பக்கத்திலேயே திறந்து கிடக்கிற கூம்பை மாட்டினேன். பேர்தான் கோல்டு.

சத்தத்தைப் பற்றி மட்டும் பொய் சொல்ல மாட்டேன், அபாரம். ஆக்சிலேட்டரை மிதித்தால் டர்போ விசிலடிக்கும், விட்டால் 'ஸ்ஸூ' என்று பெருமூச்சு விடும். பாபநாசம் போகிற வழியில் கண்ணாடியை இறக்கிவிட்டு அதைக் கேட்பதற்காகவே கியரை இறக்கி இறக்கி ஓட்டியிருக்கிறேன். காசு போட்டவன் காதுக்குச் சத்தம் கூடினால் பவரும் கூடின மாதிரிதான் இருக்கும். மச்சான் ஒருத்தன் நம்பவில்லை. நாங்குநேரி தாண்டி நால்வழிச் சாலையில், மூன்றாம் கியரில் நாற்பதிலிருந்து எண்பது தொட எவ்வளவு நேரம் என்று அவன் செல்போனில் பிடித்தான். காற்றின் கோளாறு வரக்கூடாது என்று போகும்போது மூன்று முறை, வரும்போது மூன்று முறை. மறு வாரம் பழைய பெட்டியை மாட்டி அதே இடத்தில் அதே கணக்கு. வித்தியாசம் அவன் கட்டைவிரல் அழுத்துகிற தாமதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

ஏன் என்று உட்கார்ந்து யோசித்தால் விஷயம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, உண்மை. 60 டிகிரி காற்றுக்குப் பதில் 40 டிகிரி காற்று கொடுத்தால் அடர்த்தி சுமார் 6 சதவீதம் கூடும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் அதற்கு ஓரளவு பலன் உண்டு. டர்போ டீசலில் என்ன நடக்கிறது? உள்ளே போன காற்றை டர்போ அமுக்கி 100 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறது. அப்புறம் இண்டர்கூலர் அதை மறுபடி ஆற்றுகிறது. வாசலில் மிச்சம் பிடித்த இருபது டிகிரியில் பாதிக்கு மேல் அங்கேயே கரைந்துவிடும். அதோடு டீசல் இன்ஜினில் காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே இருக்கிறது. பவரைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் தெளிக்கிறோம் என்பது, அதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு நான் வாங்கின சிவப்பு ஃபில்டர் பற்றி ஒரு சேதியும் தெரியாது.

அந்த இருபது டிகிரியாவது கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. வண்டியின் சென்சார் கணக்கைக் காட்டுகிற ஸ்கேனர் மாட்டிப் பார்த்தேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டை நெரிசலில் நின்றபோது, பழைய பெட்டியில் 45 டிகிரியைத் தாண்டாத உள்காற்று, கூம்பு மாட்டியபின் அறுபதைத் தொட்டது. தகட்டுக்கும் பானட்டுக்கும் நடுவே இரண்டு விரல் போகிற இடைவெளி. இன்ஜின் சூடு அது வழியாகத் தாராளமாக வந்து போனது.

இதெல்லாம்கூடப் போகட்டும். பவர் வரவில்லை, காசு போச்சு, சத்தமாவது கிடைத்தது என்று விட்டிருப்பேன். அந்த ஆடி முடிந்து ஆயில் மாற்ற பாளையங்கோட்டையில் நம்ம மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். முப்பது வருஷமாக ஜீப்பும் டிராக்டரும் பார்க்கிறவர். பானட்டைத் திறந்ததும் ஒன்றும் பேசவில்லை. கிளாம்பை லூசாக்கிக் குழாயைக் கழற்றினார். ஃபில்டருக்கு இந்தப் பக்கம், சுத்தமான காற்று மட்டுமே வர வேண்டிய பக்கம், உள்ளே விரலை விட்டு ஒரு சுற்று சுற்றி எடுத்தார். விரல் நுனியில் காவி. கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணத்துக்குள் விட்ட விரல் மாதிரி, நிறம்தான் வேறு. கட்டைவிரலோடு சேர்த்து என் காதுக்குப் பக்கத்தில் தேய்த்துக் காட்டினார். அப்புறம் ஒரு துளியை முன்பல்லில் வைத்துக் கடித்தார்.

"கேட்டுச்சா? காத்து நெறைய வரணும்னு வாயத் தொறந்து வச்சிருக்கிய. மண்ணும் அந்த வாய் வழியாத்தான வரும்?"

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவர் கணக்குப் போட்டே சொன்னார். 2.5 லிட்டர் இன்ஜின் 2000 சுற்றில் ஓடினால் நிமிஷத்துக்கு 2500 லிட்டர் காற்றை உறிஞ்சும். டர்போ ஏறக்குறைய அதை இரண்டு மடங்காக்கும். டிராக்டரில் இழுத்து வருவார்களே, அந்தத் தண்ணீர் டேங்கர் அளவுக் காற்று ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே போகிறது. தேரிக்குள் நாலு மணி நேரம் சுற்றினால் எத்தனை டேங்கர் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதில் வருகிற மண் சும்மா மண் இல்லை, சிலிக்கா. இரும்பையே ராவும். ஒரு நிமிஷத்தில் லட்சம் சுற்றுக்கு மேல் சுழலுகிற டர்போ விசிறியின் விளிம்பை முதலில் கொத்தும், அப்புறம் பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் (சிலிண்டரின் உள்சுவர்) நடுவில் போய் உட்கார்ந்து தேய்க்கும். அங்கே இருக்கிற ஆயில் படலம் சில மைக்ரான் கனம்தான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரிகிற கல்லைவிடக் கண்ணுக்குத் தெரியாத பொடிதான் அங்கே ஆளைக் கொல்லும்.

தப்பு முழுக்க ஃபில்டருடையது என்றும் சொல்ல முடியாது. கூம்பின் ரப்பர்க் கழுத்து அலுமினியக் குழாயில் நேராக உட்காரவில்லை, ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. மாட்டியது நான். ஆனால் பெட்டிக்குள் வைத்து நாலு பக்கமும் கிளிப் போடுகிற பேப்பர் ஃபில்டரில் இந்தத் தப்பைச் செய்வது கஷ்டம், திறந்த கூம்பில் ரொம்பச் சுலபம். வலைப்பின்னல் பெரிதாக இருந்தால் காற்று தாராளமாக வரும், தூசியும் கூடவே வரும். இரண்டில் எது எவ்வளவு என்று அளக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு சோதனை முறையே இருக்கிறது. ஃபில்டர் விற்கிறவரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். நான் பிற்பாடு கேட்டேன். ஸ்டிக்கர் இரண்டு எக்ஸ்ட்ரா அனுப்புகிறோம் என்றார்கள்.

நடுவில் இன்னொரு கூத்து. கழுவி எண்ணெய் போடுகிற வகை ஃபில்டர் என்பதால் ஒரு தடவை வீட்டிலேயே கழுவி, தாராளமாக எண்ணெயைத் தெளித்துவிட்டேன். மிச்ச எண்ணெய் காற்றோடு போய்ச் சென்சார் கம்பியில் படிந்தது. இரண்டாம் நாள் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, களக்காட்டுப் பக்கம் ஒரு சாதாரண ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. சென்சாருக்கென்று விற்கிற ஸ்பிரே வாங்கிச் சுத்தம் பண்ணினபிறகுதான் சரியானது.

அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டுப் பழைய கதையை எடுத்தார். அந்தக் காலத்து ஜீப்பில் பேப்பர் ஃபில்டரே கிடையாது, எண்ணெய்ச் சட்டிதான். காற்று எண்ணெயைத் தொட்டுத் திரும்பும்போது தூசி சட்டியிலேயே தங்கிவிடும். கல்குவாரியில் ஓடுகிற ஜீப் என்றால் வாரம் ஒரு முறை சட்டியைக் கழற்றுவாராம், அடியில் தோசை மாவு பதத்தில் சேறு இருக்குமாம். "அதப் பாத்தாத்தான் தெரியும், இன்ஜின் எதத் திங்காம தப்பிச்சிருக்குன்னு." இன்றைக்கும் டிராக்டர்களில் பானட்டுக்கு மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணம் நீட்டிக்கொண்டு நிற்கும், அதுவும் இதே காரியத்துக்குத்தான். ஆயிரக்கணக்கான மணி நேரம் புழுதியில் ஓடுகிற டிராக்டர்காரன் எவனும் கூம்பு மாட்டுவதில்லை என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். கூம்பை பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கி வைக்கிற கிட்டும் விற்கிறது, அங்கேதான் குளிர்ந்த காற்று என்று. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, இங்கே தாமிரபரணி வண்ணார்பேட்டைக்கும் சிந்துபூந்துறைக்கும் ஏறி வந்தது. மறு வாரம் அண்ணாச்சி பட்டறையில் கால் வைக்க இடமில்லை. தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பாமல் கட்டி இழுத்து வந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம் என்று திருப்பியவர்களின் கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்குகிற தண்டு) வளைந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது எதாவது ஒன்று விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். வாய் எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும்.

ஆகவே தம்பி, காசு அரிக்கிறது என்றால் ஸ்நோர்கெல் போடு, கூரை உயரத்திலிருந்து காற்றை இழுக்கிற குழாய் அது. கூரை உயரத்துக் காற்று பானட்டுக்குள் இருப்பதைவிடக் குளிர்ச்சி, முன்னால் போகிற வண்டி கிளப்புகிற புழுதியும் அங்கே குறைவு. ஃபோர்ஸ் கூர்க்காவில் கம்பெனியே மாட்டிக் கொடுக்கிறது. ஆனால் ஏர் பாக்ஸ் வரை ஒவ்வொரு இணைப்பும் காற்றுப் புகாமல் அடைத்திருக்க வேண்டும். வெளியே மட்டும் ஒட்டிவிட்டு உள்ளே ஓட்டையாக விட்ட ஸ்நோர்கெல் கோயில் யானைக்குக் கட்டிய முகபடாம்தான். இன்னொன்று, வண்டியில் எதை மாற்றினாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் விழும், எதற்கும் ஆர்டிஓ ஆபீசில் கேட்டுக்கொள்.

காசு செலவழிக்க மனசில்லை என்றால் கம்பெனி பேப்பர் ஃபில்டரே போதும். தேரிக்குள் போகிற வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கிற தூரத்துக்கு முன்னாலேயே மாற்று. அதற்காக வாரம் ஒரு தடவை கழற்றிக் கம்ப்ரஸரில் அடிக்காதே, தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். லேசாகத் தூசி படிந்த பேப்பர் ஃபில்டர் புத்தம்புதியதைவிட நன்றாகவே வடிகட்டும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள், ஆனால் அதுதான் நிஜம். பெட்டியின் உதட்டைத் துணியால் துடைத்துவிட்டு, ரப்பர் ஓரம் மடங்காமல் மூடி, நாலு கிளிப்பும் விழுந்த சத்தம் கேட்டதா என்று பார். அந்தச் சத்தம் போதும்.

என் வண்டி தப்பித்தது என்றுதான் நினைக்கிறேன். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளவில்லை, ஆயிலும் குறையவில்லை. அலுமினியக் குழாய் இப்போது தோட்டத்தில் பம்புசெட் தொட்டியிலிருந்து முதல் வரிசை முருங்கைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது, அந்த வளைவுக்கென்றே செய்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. கூம்பு பரணில் இருக்கிறது. இவ்வளவு படித்த பிறகும் வேண்டும் என்றால் வந்து எடுத்துக்கொள், காசு வேண்டாம். கிளாம்ப் ஒன்று குறையும், அது ஹோஸ் பைப்பில் இருக்கிறது.