படுத்துவிட்ட ராணுவக்காரரை யார் பார்த்துக்கொள்வது?

முன்னாள் ராணுவத்தினர் பென்ஷன் என்றாலே நம் ஊரில் பேச்சு 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்று ஆரம்பித்து கேண்டீன் சரக்கில் முடிந்துவிடும். படுத்த படுக்கையாகிவிட்டால் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் பெரியப்பா வேலூர்ப் பக்கம். 71 போரில் இருந்தவர், ஹவில்தாராக வெளியே வந்தார். போன வருஷம், 78 வயதில், பக்கவாதம். ஆஸ்பத்திரிச் செலவை முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் பார்த்துக்கொண்டது. 2003-இல் வந்த அந்தத் திட்டம் இல்லையென்றால் நிலம் போயிருக்கும். ஆனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் நிஜமான செலவே. குளிப்பாட்ட, புரட்டிப் படுக்கவைக்க, டயப்பர் மாற்ற ஆள் வேண்டும். ஏஜென்சி மூலம் வைத்தால் எங்கள் பக்கம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாது. ஆள் வராத நாளில் மூட்டுவலியோடு பெரியம்மாதான் எல்லாம்.

ராணுவப் பென்ஷனில் இதற்கென்றே ஒரு தொகை இருக்கத்தான் செய்கிறது: கான்ஸ்டன்ட் அட்டென்டன்ஸ் அலவன்ஸ். ஏழாவது சம்பளக் கமிஷனை ஒட்டி 4,500 ரூபாயை 6,750 ஆக்கினார்கள். ஆனால் ராணுவப் பணியால் வந்த ஊனமாக இருக்க வேண்டும், அதுவும் 100 சதவீதம், துணைக்கு ஆள் தேவை என்று மெடிக்கல் போர்டும் சொல்ல வேண்டும். பணியில் அடிபட்டு முழுக்க முடங்கியவருக்கு அது நியாயமாகக் கிடைக்கிறது. முதுகுத்தண்டு பாதித்தவர்களுக்குப் புனே பக்கம் காட்கியிலும் மொகாலியிலும் மறுவாழ்வு மையங்களும் உண்டு. வெளியே வந்து பல வருஷம் கழித்துப் பக்கவாதமோ மறதி நோயோ வந்தால்? பைசா கிடையாது.

அப்புறம் 80 வயது ஆனதும் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுகிறது. 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் இரட்டிப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது காலண்டரைப் பார்த்துக் கொடுக்கும் பணம். 82 வயதில் வாக்கிங் போகிறவருக்கு வரும் (வாங்கட்டும், எனக்கொன்றும் வயிற்றெரிச்சல் இல்லை). 78-இல் விழுந்தவர் 80 வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் போர்க்காலத்தில் பணியாற்றிய முன்னாள் வீரருக்கு 'எய்ட் அண்ட் அட்டென்டன்ஸ்' என்று பென்ஷனோடு ஒரு கூடுதல் தொகை உண்டு. குளிக்க, உடுத்த, சாப்பிட இன்னொருவர் தயவு வேண்டுமா என்றுதான் பார்க்கிறார்கள். நோய் பணியால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. விதவை மனைவிக்கும் உண்டு. வருமானத்துக்கும் சொத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள், சரி, இங்கேயும் வைக்கட்டும். தேவையைப் பார்த்துக் கொடுக்கும் முறை நமக்கும் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

'மற்ற அரசு ஊழியருக்கு இல்லாதது இவர்களுக்கு மட்டும் ஏன்?' என்று கேட்பார்கள். பெரும்பாலான சிப்பாய்களை நாற்பது வயதை ஒட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஆபீஸில் 60 வரை இருப்பவர் வாங்கும் பதவி உயர்வும் இன்கிரிமென்டும் இவருக்குக் கிடையாது. அந்தச் சின்னச் சம்பளத்தை வைத்துப் போட்ட பென்ஷனில்தான் கடைசிவரை ஓட்ட வேண்டும்.

எட்டாவது சம்பளக் கமிஷனுக்கு மனு தயாரிக்கும் முன்னாள் படைவீரர் சங்கங்கள் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்க வேண்டும். 100 சதவீதக் கணக்கைத் தளர்த்துங்கள். பணியால் வராத நோய்க்கும் மெடிக்கல் போர்டு வைத்துப் பாருங்கள். குடும்ப பென்ஷன் வாங்கும் மனைவியையும் சேருங்கள்.

இதெல்லாம் வரும்போது வரட்டும். வீட்டில் ராணுவப் பென்ஷன்காரர் இருந்தால், இன்றைக்கே பிபிஓவை (பென்ஷன் வழங்கச் சொல்லும் உத்தரவுத் தாள்) எடுத்து மனைவியின் பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆட்கள் பலருடையதில் அது இருக்காது. அவர் காலமான பிறகு, மனைவிக்கு 80 ஆகும்போது வர வேண்டிய அந்த 20 சதவீதம் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். தேதி இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், அவருடைய பணி ஆவணங்களை வைத்திருக்கும் எந்த ரெக்கார்டு ஆபீஸுக்கு எப்படி எழுதுவது என்று சொல்வார்கள். அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.