சபாலியை விட்டுவிட்டீர்களே
அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான WNBA பற்றிய உங்கள் கட்டுரை, நியூயார்க் லிபர்ட்டி அணி 2024-ல் கோப்பை வென்றதற்கு இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் அதன் வீராங்கனை சப்ரினா அயோனெஸ்கு கடைசி நொடியில் தூரத்திலிருந்து போட்ட மூன்று புள்ளிதான் காரணம் என்கிற மாதிரி முடிகிறது. அது அற்புதமான ஷாட், சரி. ஆனால் கோப்பையை முடிவுசெய்த ஐந்தாவது ஆட்டத்தில் அவர் 19 முறை எறிந்து ஒன்றுதான் உள்ளே போனது, சக வீராங்கனை பிரியானா ஸ்டூவர்ட்டும் தடுமாறினார், அப்படியும் எதிரணியான மினசோட்டாவை கூடுதல் நேரத்தில் 67-62 என்று வென்றார்கள் என்றால் அதற்குக் காரணம் தடுப்பாட்டமும், மாற்று வீராங்கனையாக இறங்கி 13 புள்ளிகள் எடுத்த நியாரா சபாலியும்தான். அவர் பெயரே கட்டுரையில் இல்லை! இறுதித் தொடரின் சிறந்த வீராங்கனை ஜான்குவெல் ஜோன்ஸுக்கும் ஒரே வரி. 1997 முதல் ஆடும் அணி, 2024-க்கு முன் ஐந்து இறுதித் தொடர்களில் தோற்ற அணி. இன்னும் விரிவாக எழுதுங்கள்.